வெளியூர் போய் அடுப்பு மூட்டும்போது

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடித்து, கடைசியாகத்தான் இந்தப் பேச்சை வைத்திருக்கிறார்கள். பின்வரிசை அக்காமார்கள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது எங்களுக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். "அடுப்பு மூட்ட எங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா, பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகிற அடுப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். பாதயாத்திரைக்கு, குலதெய்வம் கோயிலுக்கு, வேன் பிடித்துப் போகும் சுற்றுலாவுக்கு, கண்காட்சி ஸ்டாலுக்கு என்று நம் குழுக்கள் இப்போது வருடத்தில் நாலைந்து தடவையாவது வெளியில் சமைக்கின்றன.

தைப்பூசப் பாதயாத்திரையில் நடந்தது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். கூட இருந்தவர்கள் நாங்கள் என்பதால் முதலில் அதை முழுசாகச் சொல்லிவிடுகிறோம்.

இருபத்திரண்டு பேர் பழனிக்கு நடந்தோம். வழியில் டீயும் சுடுகஞ்சியும் வைத்துக் கொள்ளலாம் என்று ஒரு குட்டி சிலிண்டர் கொண்டு போனோம். தலையிலேயே பர்னர் வைத்த மூன்று கிலோ சிலிண்டர். சந்தைப்பேட்டையில் வாங்கியது, முத்திரை எதுவும் கிடையாது. ஒரு கடையில் வீட்டு சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து இதில் கேஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். அது தவறு என்று எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். "எல்லாரும் இப்படித்தானே நிரப்புறாங்க" என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். சமூகப்பணி படித்தவர்கள், பயிற்சி கொடுக்கிறவர்கள், நாங்களே அப்படி இருந்தோம் என்பதை இந்தக் கூட்டத்தில் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ராத்திரி தங்கினோம். தை மாதக் காற்று. அடுப்பு நிற்காமல் அணைந்து அணைந்து போனது. காற்றைத் தடுக்க ஒரு பிளக்ஸ் பேனரைச் சுற்றிலும் கட்டி, பைகளையும் அடுக்கி, சிலிண்டரைக் கூண்டுக்குள் வைத்த மாதிரி வைத்தோம். தீ ஒரு தடவை அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. கேஸ் கசிந்து அந்தக் கூண்டுக்குள்ளேயே தேங்கிவிட்டது. ஒரு அக்கா குனிந்து தீக்குச்சியைக் கிழித்தார். 'குப்'பென்று ஆளுயரத்துக்கு எழும்பியது. அக்காவின் வலது கையும் முந்தானையும் பிடித்துக்கொண்டன. சிலிண்டர் தலைப்பக்கமும் எரிந்தது. பக்கத்தில் தங்கியிருந்த வேறொரு ஊர்க் குழுவின் தம்பி ஒருவர் நனைந்த சாக்கைப் போட்டு அமுக்கி, அதற்குள் கையை விட்டு வால்வைத் திருகி மூடினார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. பத்தடி தள்ளி மூன்று குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

அக்கா பிழைத்தார். கை பிழைத்தது என்று முழுசாகச் சொல்ல முடியாது. இரண்டு மாதம் களையெடுக்கப் போகவில்லை, பூ கட்டவில்லை. குழு உள்கடன் கொடுத்தது, அதைத் திருப்பிக் கட்டுவதும் அவர்தானே? முந்நூறு, நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இது.

சரி, என்னதான் தவறு நடந்தது?

முதலில் சிலிண்டர். கம்பெனி ஆலையில் கேஸ் நிரப்பும்போது எடை போட்டு நிரப்புவார்கள். சிலிண்டர் முழுக்க நிரப்ப மாட்டார்கள், மேலே கொஞ்சம் இடம் காலியாக விடுவார்கள். உள்ளே இருப்பது திரவம். வெயில் பட்டால், அடுப்புச் சூடு பட்டால் அது பெருகும். பெருகுவதற்குத்தான் அந்த இடம். கடையில் கவிழ்த்து ஊற்றுகிறவரிடம் அந்தக் கணக்கு ஏது? தளும்பத் தளும்ப ஏற்றிவிட்டால், சூடு ஏறும்போது இரும்பே பிளந்துவிடும். அதனால்தான் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு இப்படி மாற்றுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

இரண்டாவது, கேஸின் குணம். நம் வீட்டு கேஸ் காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். கசிவு தெரியட்டும் என்பதற்காகத்தான் அந்த நாற்றத்தையே தனியாகக் கலக்கிறார்கள். வெளியில், காற்றில், நாற்றம் மூக்குக்கு வராமலே கால்மாட்டில் தேங்கி நிற்கலாம். அதனால் பள்ளமான இடத்தில் கேஸ் அடுப்பு வைக்காதீர்கள். அணைந்து போனால் உடனே மறுபடி குச்சியைக் கிழிக்காதீர்கள். வால்வை மூடி, மறைப்பை எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷமாவது காற்றாட விட்டு, நாற்றம் போய்விட்டதா என்று பார்த்துப் பிறகு பற்றவையுங்கள்.

மூன்றாவது, அந்தப் பேனர். காற்றுக்கு மறைப்பு வேண்டும்தான். மறைப்பு இல்லாவிட்டால் பாதி சூடு காற்றோடு போய்விடும், டீ கொதிக்க அரை மணி ஆகும். ஆனால் பர்னரும் சிலிண்டரும் ஒன்றாக இருக்கிற அடுப்பைச் சுற்றி மறைத்தால், சூடு திரும்பி சிலிண்டர் மேலேயே அடிக்கும். சிலிண்டரும் பர்னரும் தனித்தனியாக இருந்து நடுவில் ட்யூப் இருந்தால், பர்னருக்கு மட்டும் காற்று வரும் பக்கமாகத் தகரம் வைத்து மறைக்கலாம். தகரம், செங்கல் சரி. பிளக்ஸ், துணி, அட்டைப்பெட்டி கூடவே கூடாது.

அப்படியானால் எதை வாங்குவது? ஸ்டாலுக்கு அடுப்பு வாங்கக் குழுப் பணத்தில் ஒதுக்கலாமா என்று மூன்று குழுக்கள் கேட்டிருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

எண்ணெய் நிறுவனங்களே விற்கிற ஐந்து கிலோ சிலிண்டர் இருக்கிறது. கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். இண்டேனில் 'சோட்டு' என்று பெயர். முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை இருந்தால் போதும். இதில் முறையான வால்வு, ரெகுலேட்டர் எல்லாம் உண்டு. காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும். வாங்கும்போது தராசில் வைத்து, காலி எடையோடு ஐந்து கிலோ கூட்டிச் சரியாக வருகிறதா பாருங்கள். கைப்பிடிப் பக்கத்தில் உள்புறமாக ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ-27 என்றால் 2027 மார்ச் வரை, பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அதற்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனை செய்ய வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தேதி தாண்டியதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். படிக்கத் தெரியாத அக்காமார்கள் கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலை? வீட்டு சிலிண்டரோடு ஒப்பிட்டால் கிலோவுக்குக் கூடுதல்தான். வியாபாரக் கணக்கில் வருவதால் விலையும் மாறிக்கொண்டே இருக்கும். "அதுக்கு வீட்டு சிலிண்டரையே தூக்கிட்டுப் போயிரலாமே" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். குலதெய்வப் பொங்கலுக்கு என்றால் அது வேறு விஷயம். ஸ்டாலில் பஜ்ஜி போட்டு விற்பதற்கு வீட்டு சிலிண்டரை வைக்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம். பிடித்தார்கள் என்றால் சிலிண்டரும் போகும், ஸ்டாலும் போகும், கூட்டமைப்பின் பெயரும் போகும். தவிர, பதினாலு கிலோ கேஸும் அதன் இரும்பும் சேர்ந்து முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும். அதை யார் பஸ்ஸில் ஏற்றுவது?

ஐந்து கிலோ எவ்வளவு நேரம் வரும் என்றால், வீட்டு அடுப்பு அளவு பர்னரில் முழுத் தீயில் ஏறக்குறைய முப்பது மணி நேரம் வரும். பெரிய கேன்டீன் பர்னர் இதைவிடப் பல மடங்கு குடிக்கும். அதற்கு ரெகுலேட்டரும் வேறு. வீட்டு ரெகுலேட்டரைக் கேன்டீன் பர்னரில் மாட்டினால் தீ வராது. கேன்டீன் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டினால் வரக்கூடாத அளவுக்கு வரும். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

இன்னொன்று, இப்போது டவுன் கடைகளில் பெட்டி மாதிரி ஒரு அடுப்பு விற்கிறார்கள். கைப்பிடி போட்ட சூட்கேஸ் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் கொசு மருந்து டப்பா போல ஒரு கேஸ் டப்பாவைச் செருக வேண்டும். பார்க்க அழகு, தூக்க லேசு. ஆனால் ஒரு டப்பாவில் 220 கிராம் சொச்சம்தான் இருக்கும், முழுத் தீயில் ஒன்றேகால் மணி நேரம் தாண்டாது. நாலு பேருக்கு டீ, உப்புமா என்றால் சரி. இருபது பேருக்கு இது கதைக்கு ஆகாது. ஆபத்து எங்கே என்றால், பெரிய தோசைக்கல்லையோ அகலச் சட்டியையோ வைத்தால் அது டப்பா இருக்கும் மூடி மேலேயும் நீட்டிக்கொண்டு நிற்கும். கல்லின் சூடு இறங்கி டப்பா வெடித்துவிடும். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்துப் பெரிய கல் போடுவது அதைவிட மோசம். காலி டப்பாவில் திரும்ப கேஸ் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், புளியமரத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வைச் சிலர் இன்னும் பரணில் வைத்திருக்கிறீர்கள். காற்றில் நன்றாக எரியும், அதை மறுக்கவில்லை. ரேஷனில் முன்பு போல மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். பின் குத்தும்போது முகத்தை மேலே கொண்டு போகாதீர்கள். வேறு எண்ணெய் கலக்காதீர்கள், முக்கியமாக பெட்ரோல். ஸ்டவ் வெடித்தது என்று ஒரு காலத்தில் நம் ஊரில் எத்தனை பெண்களை அள்ளிக்கொண்டு போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் எத்தனை உண்மையில் ஸ்டவ் செய்தது என்பது வேறு கதை. இன்றைக்கு அதற்கு நேரமில்லை.

விறகு அடுப்புக்கு வருவோம். பொங்கல் வைக்க முக்கல் அடுப்பை விட்டால் மனசு ஒப்பாது, எங்களுக்கும் அப்படித்தான். கல்லை நல்ல தரையில் கூட்டுங்கள். காய்ந்த இலை, சருகு எல்லாம் சுற்றிலும் நாலைந்து அடிக்குக் கூட்டித் தள்ளுங்கள். விறகை மெல்லிசாகப் பிளந்து வையுங்கள், கட்டையாக வைத்தால் புகைதான் மிச்சம். எண்ணெய்த் தகரத்தில் பக்கவாட்டில் வாய் வெட்டி, கீழே ஒரு தட்டு கொடுத்து விறகை அதன்மேல் வைத்து, அடியில் காற்றுப் போக வழிவிட்டால் பாதி விறகில் வேலை முடியும். நம் குழு ஒன்று இப்படிச் செய்து வைத்திருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஆனால் கீற்றுப் பந்தலுக்குக் கீழே எந்த அடுப்பும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாட்டில் எந்தத் தாயும் மறக்க மாட்டாள். சமையல்கட்டிலிருந்து கூரைக்கு ஏறிய தீ, 94 குழந்தைகள். பந்தல் போடுகிறவரிடம் அடுப்புக்குத் தனியாகத் தகரக் கொட்டகை கேளுங்கள், இல்லையென்றால் வானம் பார்த்த இடத்தில் வையுங்கள். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டு போய்ப் பார்த்துச் சூடு இல்லை என்றால்தான் கிளம்ப வேண்டும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டவே கூடாது. வனத்துறை கேஸ் போடும், போடவும் வேண்டும்.

கொடைக்கானலுக்கு வேன் போகலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொங்கிப் பொங்கி வரும், பருப்பு மட்டும் வேகாது. 'அரிசி மட்டம்' என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். குக்கர் கொண்டுபோங்கள், கேஸையும் கொஞ்சம் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது, இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். குளிருகிறது என்று குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு அறைக்குள்ளோ வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். புகை இருக்காது, நாற்றம் இருக்காது, இருமல்கூட வராது. தலை வலிக்கிற மாதிரி இருக்கும், தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்க மாட்டோம். அணைந்த மாதிரி சாம்பல் பூத்த கரியும் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். மழை வந்தாலும் அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும், நனையட்டும்.

ரயிலில் போகிறவர்கள் எந்த அடுப்பையும், எந்த சிலிண்டரையும் கொண்டு போகக்கூடாது. காலி சிலிண்டரும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் மறைத்து எடுத்து வந்த சிலிண்டரில் டீ போடப் போய், ஒன்பது பேர் போனார்கள். அவர்களும் நம்மைப் போலச் சாமி கும்பிட வந்தவர்கள்தான். ரயில்வே சட்டத்தில் இதற்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் எங்களுக்கு அந்தத் தண்டனையைவிட அந்த ஒன்பது பேர்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள்.

நடுவில் ஒரு தங்கை கையைத் தூக்குகிறார், "கரண்ட் அடுப்பு வெச்சா என்ன?" என்று. நல்ல கேள்வி. ஸ்டாலில் கரண்ட் இருந்தால் இன்டக்‌ஷன் அடுப்பு நல்லதுதான், தீயே இல்லை. ஆனால் அது 2,000 வாட் வரை இழுக்கும். பந்தல்காரர் விளக்குக்குப் போட்டிருக்கிற சின்ன பிளக் ஆயிரத்துச் சொச்சத்துக்கு மேல் தாங்காது, வயர் உருகிவிடும். ஏசிக்கு, கிரைண்டருக்குப் போடுகிற மாதிரி பதினாறு ஆம்பியர் பிளக்கை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். பாதயாத்திரைக்கு அடுப்பே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நம் பாட்டிமார்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் பழனிக்கு நடந்தார்கள். நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய புளிச்சோறு ஒரு நாள் தாங்கும். வழியெங்கும் அன்னதானப் பந்தல் இருக்கிறது. டீக்கடை இருக்கிறது. இருபத்திரண்டு பேரில் ஒருவர் மாற்றி ஒருவர் அந்த மூன்று கிலோவைச் சுமந்தோம், எதற்கு என்று இப்போது யோசித்தால் எங்களுக்கே பதில் கிடைக்கவில்லை. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறீர்கள், தெரியும். "குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டாமா?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அப்படி அவசியம் என்றால் ஐந்து கிலோ சிலிண்டர், தனி பர்னர். கூட வரும் வண்டியில் சிலிண்டரை நிறுத்தி வைத்துக் கட்டுங்கள், படுக்க வைக்கக்கூடாது. படுத்தால் கேஸுக்குப் பதில் திரவமே ட்யூபில் வந்துவிடும்.

சமைக்கிறவர் பருத்திப் புடவை கட்டுங்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நைலக்ஸ் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் இருக்கட்டும். ட்யூப் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சி காட்டிச் சோதிக்கிற பழக்கத்தை விடுங்கள். முத்திரை போட்ட, உள்ளே கம்பி வைத்த ஆரஞ்சு ட்யூபையே வாங்குங்கள். ஐந்து வருஷத்தில் மாற்றிவிட வேண்டும்.

அப்படியும் சுட்டுவிட்டால், வளையல் மோதிரத்தை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கு யாரோ அவசரத்தில் அக்கா கையில் பேஸ்ட்டைப் பூசிவிட்டார்கள். மருத்துவமனையில் அதைத் தேய்த்துக் கழுவி எடுத்தபோது அக்கா கத்திய கத்தல், தீப்பிடித்தபோதுகூடக் கத்தவில்லை. நாங்கள்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுத்தமான துணியால் லேசாக மூடி 108-க்குப் போன் செய்யுங்கள்.

அடுப்பு வாங்க விரும்பும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் தீர்மானம் எழுதி, இரண்டு கடை விலைப்புள்ளியோடு கொண்டு வாருங்கள். ரசீது குழுவின் பெயரில் இருக்க வேண்டும், தனி நபர் பெயரில் வாங்காதீர்கள். முத்திரை இல்லாத குட்டி சிலிண்டர் யார் வீட்டிலாவது இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள், உள்ளே கேஸ் மிச்சம் இருக்கலாம். எங்களிடம் சொல்லுங்கள், கேஸ் ஏஜென்சியில் கேட்டு ஒப்படைக்க ஏற்பாடு செய்கிறோம். எங்களுடையதை முதலில் கொண்டுபோகிறோம், இத்தனை நாள் அது அலுவலகப் பின்கட்டில்தான் கிடக்கிறது.

பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.